ஒன்பது மணி மாத்திரை

சோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிற நோயாளியிடம், "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். மற்றதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஊசி குத்துவதில் என்னைவிட உங்களுக்குக் கை லாகவம் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஆனால் இந்த ஒரு கேள்வியால் நான் ஒருவரின் சிறுநீரகத்தைப் பாதி கெடுத்தேன். பாதியா, கால்வாசியா, அது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் ஓய்வும் பெற்றேன்.

காரைக்குடியில் இந்தச் சிறுநீரகப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தேன். அறுவை சிகிச்சை எல்லாம் மதுரையில். அது முடிந்து ஊர் திரும்பியவர்களை மாதா மாதம் பார்த்துக்கொள்வது நம் வேலை. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மதுரையிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நாம்தான். எனக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் மிளகாய் சிஸ்டர். என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மாற்று சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களை முதலில் நாமேதான் குழப்புகிறோம். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த வருடமெல்லாம் தண்ணீரைத் தொடாதே, ஒரு டம்ளருக்கு மேல் போனால் மூச்சு முட்டும் என்று மிரட்டுகிறோம். ஆபரேஷன் முடிந்த மறுவாரம், மூன்று லிட்டர் குடி, குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று மிரட்டுகிறோம். மிரட்டுகிற ஆளும் அதே ஆள். பாவம், எதைத்தான் நம்புவார்கள்?

ரபீக் என்னிடம் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சாக்கோட்டைப் பக்கம் வீடு. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஊருக்கு வந்தார். அவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தது உடன்பிறந்த அக்கா ஹமீதா. லாத்தா என்று கூப்பிடுவார். வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் மதுரையில் அறை எடுத்துத் தங்கியிருந்து, பிறகு நம்மிடம் அனுப்பப்பட்டார்கள். எல்லாச் சோதனையும் சரியாக இருந்த நேரம் அது. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறுமே அந்தக் கிரியாட்டினின், ஒன்று புள்ளி இரண்டு. இந்த எண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

வந்த முதல் நாளே இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். "இந்த மாத்திரை காலையில ஒன்பது மணி, ராத்திரி ஒன்பது மணி. இடி விழுந்தாலும் நேரம் தவறக் கூடாது. உங்க உடம்புக்கு அது அந்நியச் சிறுநீரகம். மாத்திரை குறைஞ்சா உடம்பே அதை எதிர்த்து அழிச்சுரும். வெளங்குதா?"

"வெளங்குது சிஸ்டர்," என்றார் ஹமீதா. தம்பி தலையை ஆட்டினார்.

ஹமீதாவின் போனை வாங்கி நானே அலாரம் வைத்துக் கொடுத்தேன். சேவல் கூவுகிற சத்தம். மற்ற சத்தம் என்றால் போன் வருகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள், சேவல் காலை ஒன்பதுக்குக் கூவினால் யாரும் விட முடியாது என்று என் கணக்கு. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்து இன்னொன்றும் சொன்னேன். மாதம் ஒரு தடவை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வேண்டும், அன்றைக்கு மாத்திரை போடாமல் வர வேண்டும், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். ஏனென்றால் மாத்திரை உள்ளே போன ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ரத்தத்தில் மருந்து எகிறி நிற்கும். அப்போது எடுத்தால் பொய்க் கணக்குதான் வரும். இதை நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலாவதைச் சொன்ன குரலில் இதைச் சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம்.

அப்போது நம் ஆய்வகத்தில் ஒரு பழக்கம். அந்த ரத்தம் மதுரைக்குப் போக வேண்டும், பதினொரு மணி பஸ்ஸில் அனுப்புவோம். அதனால் ரத்தம் எடுக்கும் தம்பி பத்து மணிக்குத்தான் வந்து உட்காருவார். மாத்திரையின் நேரம் ஒன்பது, ரத்தத்தின் நேரம் பத்து. நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவ்வளவு வருட அனுபவம் இருந்தும் யோசிக்கவில்லை பாருங்கள்.

முதல் மாதம் ரபீக் ரத்தம் கொடுக்க வந்தார். "மாத்திரை போட்டாச்சா?" என்றேன்.

"போட்டுட்டேன் சிஸ்டர்," என்றார், நல்ல பிள்ளையாக.

பிடித்துக்கொண்டேன். "தலையில தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே! ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டீகளா? உங்களுக்காக மதுரைக்குப் பஸ்ஸு காத்துக்கிட்டு நிக்குமா? போங்க, நாளைக்கு வாங்க!" வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். மனுஷன் முகம் கறுத்துப் போய்விட்டது. ஹமீதா அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்தார்கள். "போட்டாச்சா?" என்றேன். "போடலை" என்றார். ரத்தம் எடுத்தோம். எனக்கு அதற்கு மேல் எந்த நினைப்பும் இல்லை.

குழப்பம் அங்கே தொடங்கியது. மருந்து அளவு அதிகமாக வந்தது. மருந்து கூடினாலும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான், அதனால் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த மாதம் மறுபடியும் அதிகம், மறுபடியும் குறைத்தார். கிரியாட்டினின் ஒன்று புள்ளி நான்கு ஆகியிருந்தது. மருந்து கூடியதால்தான் ஏறுகிறது என்று எல்லோரும் நினைத்தோம். குறைத்த பிறகு இறங்க வேண்டுமே? மூன்றாவது மாதம் ஒன்று புள்ளி ஏழு.

குறைக்கக் குறைக்க ஏன் ஏறுகிறது? டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிஸ்டர், வேற ஏதாச்சும் சாப்பிடுறாரா, கேளுங்க. நாட்டு மருந்து, பப்ளிமாஸ் பழம், எதுவா இருந்தாலும்." சில பழங்கள் இந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும், பப்ளிமாஸ் அதில் ஒன்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்கவில்லை, விசாரணையே நடத்தினேன். "பப்ளிமாஸ் தின்னீகளா?"

"அது என்ன பழம்னே இப்ப மறந்துபோச்சு சிஸ்டர்," என்றார் ரபீக்.

"கஷாயம், லேகியம்?"

"அல்லா மேல ஆணையா எதுவும் இல்லை," என்றார் ஹமீதா. அன்று வீட்டுக்குப் போய், இருந்த ஆரஞ்சு, மாதுளை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். பிறகுதான் சொன்னார். எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. என் வீட்டுக்காரர், "உனக்கென்ன, ஒம் மச்சானா அவரு? பேசாமத் தூங்கு" என்றார். எப்படித் தூங்குவது? பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை, உண்மை சொன்னால் கணக்கும் ஒட்டவில்லை.

நாலாவது மாதம் ரத்தம் எடுக்கும் தம்பிக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்குப் போக வேண்டும் என்று எல்லோரையும் முன்கூட்டியே வரச் சொல்லி, எட்டு மணிக்கே எடுத்து முடித்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் மதுரையிலிருந்து போன். ரபீக்கின் மருந்து அளவு தரை மட்டத்தில் இருந்தது. போன மாதம் எகிறி நின்றது, இந்த மாதம் இல்லவே இல்லை என்கிற மாதிரி. கிரியாட்டினின் இரண்டைத் தாண்டிவிட்டது. டாக்டர் போனிலேயே, "மாத்திரையை ஒழுங்கா போடுறதில்லை சிஸ்டர். சோதனை வர்ற நேரம் மட்டும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்திருக்கார். நோயாளி மாத்திரை விஷயத்தில் ஒழுங்கில்லைன்னு ஃபைல்ல எழுதுங்க" என்றார். எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். அத்தனை மாதக் குழப்பத்துக்கும் ஒரு விடை கிடைத்ததே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை இருவரையும் வரச் சொன்னேன். எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் டயாலிசிஸ் அறையில் வேலையை முடித்துவிட்டு ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே வந்தேன். வரும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"வெக்கமா இல்லை உங்களுக்கு? அந்தப் பொம்பளை வயித்தை அறுத்துக் குடுத்த சிறுநீரகம் அது! மாத்திரை முழுங்கக் கஷ்டமா இருக்கா? அப்ப எதுக்கு வாங்குனீக? திருப்பிக் குடுத்துருங்க உங்க அக்காளுக்கு!"

இப்படியெல்லாம் பேசினேன். இன்னும் மோசமாகவும் பேசினேன், அதையெல்லாம் இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரபீக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹமீதாவின் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் ஹமீதாவின் பைக்குள் சேவல் கூவியது.

நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஹமீதா கண்ணைத் துடைத்தார், பையைத் திறந்தார், சேவலை நிறுத்தினார், தூக்குவாளி மாதிரி இருந்த ஒரு சின்ன டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்துத் தம்பி கையில் வைத்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். ரபீக் வாங்கி விழுங்கினார். என் முகத்துக்கு நேராக, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

திட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டேன். "இப்ப என்ன பண்ணீக?"

"ஒன்பது மணி சிஸ்டர்," என்றார் ஹமீதா.

ஒழுங்கில்லாத நோயாளி என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒழுங்கை என்னவென்று சொல்வது? பிறகு மெதுவாகக் கேட்டேன். "ரத்தம் எடுக்க வார நாள்லயும் இப்படித்தானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரபீக்தான் பேசினார். "வாசல்ல தூணுக்கு அங்குட்டு நின்னு போட்டுக்கிட்டு வருவேன் சிஸ்டர். இடி விழுந்தாலும் ஒன்பது மணி தவறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக. லாத்தா பயந்துரும். பத்து மணி வரைக்கும் போடாம இருந்தா சிறுநீரகம் செத்துப்போகும்னு அதுக்குப் பயம்."

"அப்ப எங்கிட்ட ஏன் போடலைன்னு சொன்னீக?"

"மொதல் தடவை போட்டுட்டேன்னு சொன்னேன்ல சிஸ்டர்," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆத்தாடி! பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு மாத்திரை, பத்துக்கு ரத்தம். மாதா மாதம் பொய்க் கணக்கு. அந்தப் பொய்க் கணக்கைப் பார்த்துப் பார்த்து நாங்கள் உண்மையான மருந்தைக் குறைத்திருக்கிறோம். கல்யாணத்தன்று எட்டு மணிக்கு எடுத்தது ஒன்றுதான் நிஜம். அவர் உடம்பு மாதக்கணக்காகக் தடுக்கிற மருந்து போதாமல் அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை.

உடனே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அரை மணி நேரம் செய்யவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். கை கழுவினேன். மருந்து அலமாரியைச் சரி செய்தேன், அது சரியாகத்தான் இருந்தது. ஃபைலில் எழுதியாகிவிட்டது, எப்படியும் அவரை மதுரைக்கு அனுப்பப் போகிறார்கள், நான் சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று மனசு பேரம் பேசியது. என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும். ஒழுங்காகப் போட்டால் இந்த அளவு போதும் என்று குறைத்த அளவிலேயே விட்டுவிடுவார்கள். அவரும் ஒழுங்காகவே போட்டு, ஒழுங்காகவே சிறுநீரகத்தை இழப்பார்.

ஹமீதா கதவோரம் வந்து நின்றார். "சிஸ்டர், டாக்டர்கிட்ட, நான்தான் மறந்துபோய் மாத்திரையைக் குடுத்துட்டேன்னு சொல்லிருங்க. நீங்க திட்டுனது, நாங்க பயந்தது அதெல்லாம் வேணாம். உங்க வேலைக்கு ஏதும் வந்துரப் போகுது."

என் பயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. சற்று முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவளைக் காப்பாற்ற வந்து நிற்கிறார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். அலாரம், தூண், பத்து மணி ஊசி, என் வாய், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முழுக்கக் கேட்டார். "இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் வேற வழியில போயிருப்பேன் சிஸ்டர். இப்பவே வண்டி பிடிச்சு அனுப்புங்க" என்றார்.

மதுரையில் அந்தச் சிறுநீரகத்திலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு எதிர்க்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் ஊசி, மாத்திரை அளவு பழையபடி. சிறுநீரகம் பிழைத்தது. கிரியாட்டினின் ஒன்று புள்ளி எட்டில் வந்து நின்றது. ஒன்று புள்ளி இரண்டுக்கு அது திரும்பவே இல்லை. நடுவில் இருக்கிற அந்தப் புள்ளி ஆறு யாருடையது? என் வாயுடையதா, ஆய்வகத்தின் பத்து மணியுடையதா, எப்படியும் கொஞ்சம் ஏறத்தான் இருந்ததா? டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாது சிஸ்டர்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஃபைலில் அந்த வரியை அடிக்கச் சொல்லி நின்றேன். டாக்டர் அடித்துவிட்டு, நோயாளிக்குக் கொடுத்த அறிவுரை தெளிவாக இல்லை என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நிர்வாகத்திடம் சண்டை போட்டு, இந்த ரத்தத்தை மட்டும் ஒன்பது மணிக்கே நாமே எடுப்பது என்று மாற்றினேன். நீங்கள் இன்று ஒன்பதுக்கு எடுக்கிறீர்களே, அந்த வழக்கம் அப்படி வந்ததுதான். கேள்வியையும் மாற்றினேன். "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீக?" ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. நேற்று ராத்திரி ஒன்பது என்றால் சரி. இன்று காலை என்றால் நாளைக்கு வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சரி, திட்டுவதை விட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி வருவார், அவருக்கும் மாற்றுச் சிறுநீரகம்தான். தண்ணீரே குடிக்க மாட்டார். நான் பதமாக, "ஆச்சி, கொஞ்சம் கூடக் குடிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து அவர், "என்ன சிஸ்டர், உடம்புக்கு முடியலையா? முன்ன மாதிரி நாலு வார்த்தை நல்லா வஞ்சாத்தானே எனக்குத் தண்ணி எறங்கும். நீங்க கெஞ்சினா நான் எங்கிட்டுக் குடிக்க?" என்றார். இவரை வைய வேண்டும், அவரை வையக் கூடாது. எவரை எப்படி என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆச்சியை மட்டும் அவர் கேட்டுக்கொண்டபடி வைதேன். குடித்தார்.

ரபீக் விஷயத்தில் பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மாதா மாதம் வருவார். "எத்தனை மணிக்கு?" என்பேன். "நேத்து ராத்திரி ஒன்பது" என்பார். ஐந்து வருடம் அதே பதில். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு சந்தேகம் கிடக்கும். உண்மையா, என் வாய்க்குப் பயந்த பதிலா? பதிலை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வாசல் தூணைப் போய் எட்டிப் பார்த்த நாள்கூட உண்டு. அக்காவும் தம்பியும் என்னை மன்னித்துவிட்டார்கள் என்பது தெரியும். பயம் போய்விட்டதா என்பதுதான் தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுகிற மாதம் வந்தார்கள். அறை நிறையக் கூட்டம். ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்றேன்.

"இன்னைக்குக் காலையில எட்டே காலுக்குப் போட்டுட்டேன் சிஸ்டர்," என்றார் ரபீக். "ஒரு கல்யாணத்துக்குப் போற அவசரத்துல தேதியை மறந்துட்டேன். பஸ்ஸுல வாரப்பத்தான் இன்னைக்கு ரத்தம் குடுக்குற நாள்னு நினைப்பு வந்துச்சு. லாத்தா இங்கிட்டு வர வேணாம், அப்படியே போயிரலாம்னுச்சு. நான்தான், சொல்லிட்டே போவோம், சிஸ்டர்தானேன்னு கூட்டிக்கிட்டு வந்தேன்."

பெஞ்சில் இருந்த பழைய ஆட்கள் எல்லாம் மிளகாய் வெடிக்கப் போகிறது என்று என்னையே பார்த்தார்கள். ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"அதுக்கென்ன, நாளைக்கு வாங்க," என்றேன்.

ஹமீதா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "சிஸ்டர், எதுக்கு அழுகுறீக? நாளைக்கு வந்துருவோம் சிஸ்டர், கண்டிப்பா வந்துருவோம்."